எல்லாக் கேபினுக்கும் ஒரே கார்டு

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்கள் பயிற்சி நாளில் வந்து பேசும்படிதான் முதலில் என்னைக் கேட்டார்கள். நானும் சம்மதித்தேன். எந்தச் சேலை கட்டுவது என்பதுவரை முடிவு செய்துவிட்டேன். பிறகு பயிற்சிக்குப் பொறுப்பான தம்பி ஃபோன் செய்தார். "அக்கா, என்ன பேசப் போறீங்கன்னு கொஞ்சம் முன்னாடியே எழுதி அனுப்பிடுங்க. சேல்ஸ் டார்கெட், டிரிங்க்ஸ் பேக்கேஜ், இதையெல்லாம் குறை சொல்லாம இருந்தா நல்லா இருக்கும்" என்றார். "அப்ப நீயே பேசிக்க லா தம்பி" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆகவே பேச்சு எழுத்தாகிவிட்டது. படித்துவிட்டு யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். ஓய்வு பெற்றவளை வேலையிலிருந்து தூக்க முடியாது. இந்த வயதில் எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே சலுகை அதுதான், அதை வீணாக்கப் போவதில்லை.

என் பெயர் ஸ்டெல்லா. பிறந்தது மலேசியாவில், ஈப்போவில்; என் பேச்சில் ஒட்டிக்கொண்டிருக்கும் 'லா' அந்த ஊர்ச் சொத்து. கணவருக்கு நியூசிலாந்தில் வேலை கிடைத்ததால் இந்த ஆக்லாந்துக்கு வந்தேன். பாட்டனி டவுன்ஸில், கடைத்தொகுதிக்குள் இருந்த ஒரு டிராவல் ஏஜென்சியில் ஓய்வு பெறும்வரை கப்பல் பயணங்களை விற்றேன். நம் ஆட்கள் எல்லா வகையினரும் என் மேசைக்கு வந்திருக்கிறார்கள். யாழ்ப்பாணத்துக்காரர் "ஓம் அக்கா, வீட்டில கதைச்சுப்போட்டு வாறன்" என்பார். தமிழ்நாட்டுக்காரர் "ஆமா மேடம், வீட்டுல பேசிட்டு வர்றேன்" என்பார். இரண்டு பேரும் வீட்டுக்குப் போக மாட்டார்கள். ஊரின் மறுகோடியில், ஹென்டர்சனில் இருக்கும் இன்னொரு ஏஜெண்டிடம் விலை கேட்கப் போவார்கள். எனக்கு அதில் கோபமே வந்ததில்லை. விலை கேட்காமல் வாங்குகிறவரைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

விளம்பரப் பலகையில் இருப்பது கப்பலில் ஏறுவதற்கான விலை. இறங்கும்போது கையில் கொடுக்கும் பில் வேறு. இதை முதல் நாளே பயணியிடம் சொல்லாதே, ஓடிவிடுவார்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தருவார்கள். நான் முதல் நாளே சொன்னேன். ஓடியவர்கள் ஓடினார்கள். திரும்பி வந்தவர்கள் மச்சான், மைத்துனி, பக்கத்து வீடு என்று எல்லோரையும் கூட்டிக்கொண்டு வந்தார்கள்.

ஊழியர்களுக்கான டிப்ஸ் பல கப்பல்களில் ஆளுக்கு இவ்வளவு, நாளுக்கு இவ்வளவு என்று தானாகவே பில்லில் ஏறும், அதை முன்பே கட்டிவிடுங்கள் என்றேன். கப்பலில் கணக்கு வேறு நாட்டு டாலரில் ஓடும், நம் டாலர் என்று நினைத்துச் செலவு செய்யாதீர்கள் என்றேன். கப்பல் டாக்டர் ஒரு இருமலுக்குப் போடும் பில்லைப் பார்த்தால் நல்ல மனிதருக்கே நெஞ்சு வலி வரும், இன்சூரன்ஸ் இல்லாமல் ஏறாதீர்கள் என்றேன். இறங்கி நடந்தே பார்த்துவிடக்கூடிய ஊருக்குக் கப்பல்காரர்களின் பஸ் டூர் எதற்கு என்று கேட்டேன். பள்ளி விடுமுறையில் போகாதீர்கள், முழுப் பணம் கட்டுவதற்கு முன் விலை இறங்கினால் என்னைக் கூப்பிடுங்கள், சண்டை போட்டாவது குறைத்து வாங்கித் தருகிறேன் என்றேன். ரைஸ் குக்கரைப் பெட்டியில் வைக்காதீர்கள், ஏறும்போதே பிடுங்கி வைத்துக்கொள்வார்கள் என்று எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்! முந்தின நாள் சாப்பாட்டின்போது பரிமாறுகிறவர்களின் தலைவரிடம் சொல்லிவைத்தால், மறுநாள் பருப்பும் சாதமும் உங்கள் மேசைக்கே வரும், அதற்குத் தனிக் காசும் கிடையாது. அப்படிச் சொல்லியும் குக்கரோடு போனவர்கள் உண்டு.

டிரிங்க்ஸ் பேக்கேஜ் விஷயத்துக்கு வருகிறேன், தம்பி வேண்டாம் என்றாரே, அதற்காகவே. நாளுக்கு இவ்வளவு என்று முன்பே கட்டிவிட்டு, வேண்டிய மட்டும் குடிக்கும் திட்டம் அது. ஒரு கேபினில் ஒருவர் அதை எடுத்தால் கூட இருக்கும் பெரியவர்களும் எடுத்தாக வேண்டும் என்பது பல கப்பல்களின் விதி. மகன் பீர் குடிக்கிறான் என்பதற்காக, ஆரஞ்சு ஜூஸைத் தாண்டாத அம்மா தினமும் பார் கட்டணம் கட்டுவார். அதை விற்றால் ஏஜென்சிக்கு நல்ல கமிஷன். நான் குடிக்கிறவருக்கு விற்றேன், குடிக்காதவருக்கு விற்கவில்லை. அதனால் மாதாந்திரக் கூட்டத்தில் என் பெயர் எப்போதும் கடைசியில் இருக்கும். இருந்துவிட்டுப் போகட்டும்.

இவையெல்லாம் ஆறு மாதம் வேலை பார்த்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். கப்பலில் எது எவ்வளவு என்று படித்துக்கொள்ளலாம். ஆனால் எதிரே உட்கார்ந்திருக்கும் மனிதர் எதற்காக இந்தப் பணத்தைச் செலவு செய்கிறார் என்பதை நீங்களாகத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்கு ஒரு சம்பவம் சொல்கிறேன்.

அவரைத் தியாகு என்று வைத்துக்கொள்வோம். இது அவருடைய உண்மையான பெயர் இல்லை, மற்றவர்களின் பெயர்களும் அப்படித்தான். எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன், எழுதுங்க மேடம் என்றார். திருச்சிக்காரர், இங்கே ஐ.டி. கம்பெனியில் வேலை. மனைவி லலிதா. ஒரே மகள் நிவேதா இங்கேயே பிறந்து வளர்ந்தவள், அப்பா தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளுக்குச் சிங்கப்பூர் மாப்பிள்ளை நிச்சயமாகியிருந்தது. கல்யாணம் ஆக்லாந்தில், கப்பல் பயணம் முடிந்து சில வாரங்களில்.

மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. நிச்சயதார்த்தத்தின்போது அவருடைய அம்மா சரோஜா பேச்சுவாக்கில், "கப்பல்ல கூட்டிட்டுப் போறேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்லிக்கிட்டே இருந்தாரு, அதுக்குள்ள போயிட்டாரு" என்று சொன்னாராம். தியாகு அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டார். சம்பந்தியம்மாவைக் கல்யாணத்துக்கு முன்பே வரவழைத்து, ஃபிஜி பக்கம் போகும் கப்பலில் கூட்டிக்கொண்டு போவது என்று முடிவு செய்துவிட்டார். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. அப்பா இடத்தில் நின்று எல்லாம் பேசுகிற சித்தப்பாவும் அவர் மனைவியும் கூட வருவதாக ஏற்பாடு.

தியாகு மாதிரி ஒரு வாடிக்கையாளர் கிடைத்தால் கும்பிட்டு வாங்குங்கள். மனிதர் கேள்வியாகக் கேட்டுத் துளைத்தார். சம்பந்தியம்மாவுக்குக் கடல் பார்த்த பால்கனி கேபின், சித்தப்பா தம்பதிக்கு இன்னொரு பால்கனி கேபின், தியாகு, லலிதா, நிவேதா மூன்று பேருக்கும் ஜன்னலே இல்லாத ஒரு கேபின். டிப்ஸை முன்பே கட்டினார். விலை இறங்கியதும் என்னைக் கூப்பிட்டு மூன்று கேபினுக்கும் குறைத்து வாங்கிக்கொண்டார். மேனேஜர் பின்னால் வந்து நின்று, ஆறு பேருக்கும் டிரிங்க்ஸ் பேக்கேஜ் போடு என்று என்னிடம் கண்ணைக் காட்டினார். "எங்க வீட்டுல யாரும் தொட மாட்டோம் மேடம், சம்பந்தியம்மாவும் சுத்த சைவம்" என்றார் தியாகு. சித்தப்பாவைப் பற்றி அவருக்கே தெரியாது. நான் பேக்கேஜ் போடவில்லை.

எல்லாம் முடிந்து எழுந்திருக்கும்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"மேடம், மூணு கேபினுக்கும் என் கார்டையே போட்டுடுங்க."

"டிக்கெட்டுக்கா? அதான் கட்டியாச்சே."

"கப்பல்ல வாங்குறதுக்கும்தான். அவங்க எதுக்கும் பர்ஸை எடுக்கக் கூடாது."

உங்களுக்குத் தெரியும், கப்பலில் கேபின் கார்டுதான் சாவி, அதுவேதான் பணம். கதவுக்குக் காட்டுகிற அதே கார்டைப் பாரிலும் காட்டலாம், வாட்ச் கடையிலும் காட்டலாம், சூதாட்ட மேசையிலும் காட்டலாம். பில் கடைசியில் யார் கார்டு பதிவாகியிருக்கிறதோ அவர் தலையில் விழும். இதை நான் தியாகுவுக்கு விளக்கினேன். "ஒவ்வொரு கேபினுக்கும் ஒரு தொகையை நீங்க அன்பளிப்பா முன்னாடியே கட்டிடுங்க. அவங்களும் சந்தோஷமா செலவு பண்ணட்டும். அதுக்கு மேல போனா அவங்கவங்க கார்டு" என்றேன்.

"பந்தியில உக்காந்தவங்ககிட்ட, உங்களுக்கு ரெண்டு கரண்டி சாம்பார்தான்னு சொல்ற மாதிரி இருக்கும் மேடம். நாங்க பொண்ணு வீட்டுக்காரங்க."

"பந்தியில கரண்டி உங்க கையில இருக்கும் லா. இங்க அவங்க கையில குடுக்குறீங்க."

அவர் சிரித்தார். லலிதா சிரிக்கவில்லை. தியாகு முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. வெள்ளைக்காரப் பயணி ஒருவர் இப்படிச் செய்து நான் பார்த்ததே இல்லை. அவர்கள் கூடப்பிறந்த அண்ணனோடு போனாலும் கேபினுக்குக் கேபின் தனிக் கார்டுதான். நம்மவர்களில்தான், விருந்துக்குக் கூப்பிட்டவர் கணக்குப் பார்த்தால் அது பெரிய மானக்கேடு. அதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். அந்தப் பழக்கத்தில்தான் நானும் வளர்ந்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு, அவர் கேட்டபடி ஏற்பாடு செய்தேன்.

கப்பல் போனபின் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் ஊருக்கு வெளியே புக்கெகோஹியில், தோட்டத்து ஓரக் கடையில் வெங்காய மூட்டையைக் காரில் ஏற்றிக்கொண்டிருந்தேன். ஃபோன் அடித்தது.

"மேடம், தியாகு பேசுறேன். ஃபிஜியில, சுவாவுல இறங்கியிருக்கோம். நான் மட்டும் தனியா வந்து பேசுறேன்."

குரல் சரியில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

"கேபின் டிவியில பில்லைப் பார்த்தேன் மேடம். சித்தப்பா பார்ல உக்காந்துக்கிட்டு, பக்கத்துல வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் வாங்கிக் குடுக்குறாரு. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கு. 'எங்க சம்பந்தி பெரிய மனுஷன்'னு என்னைக் காட்டிக் காட்டி வாங்கிக் குடுக்குறாரு. கேசினோவுலயும் உக்காந்துட்டாரு. மேடம், அது கல்யாண மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் வச்சிருக்குற பணம். இப்படியே போனா ஊர் திரும்புறதுக்குள்ள முடிஞ்சிடும்."

"அவர்கிட்டச் சொல்லிப் பார்த்தீங்களா?"

"எப்படிச் சொல்றது? மாப்பிள்ளைக்கு அப்பா இல்ல. சபையில முன்னால நிக்கப் போறவரு இவருதான். குடிச்சது போதும்னு நான் ஒரு வார்த்தை சொன்னா, அந்த நிமிஷமே எழுந்துடுவாரு. அப்புறம் நிவேதா..." நாலு பேர் நடக்கிற துறைமுகத்தில் நின்றுகொண்டு ஒரு பெரிய மனிதர் அழுவது ஃபோனில் கேட்டது.

கப்பல் அன்று சாயங்காலம் கிளம்பிவிடும். நான் வெங்காய மூட்டையின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். சித்தப்பாவிடம் நேரே பேசுங்கள் என்று சொல்லலாம். அது நேர்மையான புத்திமதி, எனக்கும் வம்பு இல்லை. ஆனால் அந்த நேர்மைக்கு விலை கொடுக்கப் போவது நிவேதா. எதுவும் செய்யாமல் விட்டால் கல்யாணத்துக்குப் பணம் இல்லை. எதையாவது சொன்னால் கல்யாணமே இல்லை. தியாகுவின் கார்டை மற்ற கேபின்களிலிருந்து எடுத்துவிட அவருக்கு உரிமை உண்டு, வரவேற்புக் கவுன்டரில் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒருவர் கணக்கைப் பற்றி இன்னொருவரிடம் அங்கே பேசவும் மாட்டார்கள். ஆனால் அடுத்த கிளாஸ் வாங்கும்போதே சித்தப்பாவுக்கு விஷயம் தெரிந்துவிடும். யாரால் நின்றது என்று கேட்பார். அதற்கு ஒரு பெயர் வேண்டும்.

"தியாகு, நேரா கவுன்டருக்குப் போங்க. உங்க கேபின் தவிர மத்த ரெண்டு கேபின்லயும் உங்க கார்டை எடுக்கச் சொல்லுங்க. யாராவது கேட்டா, ஆக்லாந்துல இருக்கிற ஏஜெண்ட் ஏதோ குளறுபடி பண்ணிட்டா, கார்டை மூடிட்டா, அவதான் திறக்கணும், இன்னைக்கு ஞாயித்துக்கிழமை ஆஃபீஸ் கிடையாதுன்னு சொல்லுங்க. நல்லா திட்டுங்க. அவரு முன்னாலயே திட்டுங்க."

"உங்களை எப்படி மேடம்..."

"நான் உங்க சம்பந்தி இல்ல லா. என்னைத் திட்டினா யாரு கல்யாணமும் நிக்காது."

அப்போதும் அவருக்கு ஒரு கவலை. "சம்பந்தியம்மா பாவம், அவங்க ஒரு காபி வாங்கக்கூட முடியாதே."

"மேல சாப்பாட்டுக் கூடத்துல காபி சும்மா கிடைக்கும். அதைவிட நல்ல காபி வேணும்னா நிவேதாவோட கார்டு உங்க கேபின் கணக்குல வேலை செய்யுமில்ல? பிள்ளையை அவங்க கூடவே இருக்கச் சொல்லுங்க. கேட்டதை வாங்கிக் குடுக்கட்டும்."

உங்களில் சிலர் இந்த இடத்தில் முகம் சுளிப்பீர்கள். வாடிக்கையாளரைப் பொய் சொல்லச் சொன்னாயா என்பீர்கள். ஆமாம், சொன்னேன். ஒரு பொய்யையும் ஒரு பெண்ணின் கல்யாணத்தையும் என் முன்னால் வைத்தார்கள், நான் பொய்யை எடுத்துக்கொண்டேன். இன்று கேட்டாலும் அதையேதான் எடுப்பேன்.

மறுநாள் கப்பலிலிருந்து சித்தப்பா ஆஃபீஸுக்கு ஃபோன் செய்து கத்தினார். ஃபோனைக் காதிலிருந்து தள்ளி வைத்துக்கொண்டு, "பார்க்கிறோம் சார், பார்க்கிறோம் சார்" என்றேன். தன் சொந்தக் கார்டைப் பதிவு செய்தால் எல்லாம் திறக்கும் என்றும் சொன்னேன். அவர் கடைசிவரை பதிவு செய்யவே இல்லை. மிச்சப் பயணம் முழுக்க அவர் வெறும் பச்சைத் தண்ணீரே குடித்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கப்பல் ஆக்லாந்து திரும்பிய அன்றே அவர் எங்கள் ஆஃபீஸுக்கு வந்தார். கூடவே சரோஜாம்மாவும் தியாகுவும். சித்தப்பா நின்றுகொண்டே பேசினார், கடைத்தொகுதியில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குப் பேசினார். கப்பலில் நாலு பேர் முன்னால் கார்டு செல்லாது என்று சொல்லவைத்துத் தன்னை அவமானப்படுத்தியது இந்தப் பெண்தான் என்று என்னைக் கையால் காட்டினார். மேனேஜர் என்னைப் பார்த்து, நடந்தது உண்மையா என்றார்.

"உண்மைதான். கார்டை எடுக்கச் சொன்னது நான்தான்" என்றேன்.

"எந்தக் காரணத்துக்காக?"

"அதைச் சொல்ல மாட்டேன்."

"சரி, தவறு நடந்துவிட்டது. அவரிடம் ஒரு சாரி சொல்லிவிடு. மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன்."

இந்த ஊரில் சாரிக்குப் பஞ்சமே இல்லை. சூப்பர் மார்க்கெட்டில் நம் தள்ளுவண்டி போய் ஒருவர் காலில் இடித்தால், இடி வாங்கியவரும் சாரி சொல்வார். ஒரு வார்த்தைதானே, சொல்லியிருக்கலாமே என்று என் கணவர்கூட அன்று கேட்டார். சொல்லியிருந்தால் மேனேஜர் அடுத்து நஷ்டஈடாக அந்த மனிதருக்கு ஏதாவது கொடுத்திருப்பார். ஊரான் பணத்தைத் தெரியாதவர்களுக்கு ஊற்றியதற்குப் பரிசு! அது ஒரு பக்கம். எனக்கு உண்மையிலேயே வருத்தம் இல்லை, அதுதான் பெரிய காரணம். இல்லாத வருத்தத்தை விற்பதற்கு அங்கே எனக்குச் சம்பளம் கொடுக்கவில்லை.

"சொல்ல மாட்டேன். மறுபடி அப்படி நடந்தாலும் அதையேதான் செய்வேன்" என்றேன்.

சித்தப்பா தியாகு பக்கம் திரும்பினார். "பாருங்க சம்பந்தி, திமிரைப் பாருங்க!"

தியாகுவின் முகம் வெளுத்துவிட்டது. அவர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் உள்ள ஆபத்தே, ஒரு கட்டத்துக்கு மேல் அடுத்தவர் திட்டு வாங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களால் முடியாது. "மேடம், இல்ல, நான்..." என்று வாயைத் திறந்தார்.

"நீங்க சும்மா இருங்க தியாகு!" என்று அதட்டினேன். வாடிக்கையாளரை நான் அதட்டியது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான். "இது எனக்கும் எங்க ஆஃபீஸுக்கும் உள்ள விஷயம். உங்களுக்கு இதுல வேலை இல்ல."

அவர் வாயை மூடிக்கொண்டார். சரோஜாம்மா என்னையும் தியாகுவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனபின் மேனேஜர் தன் அறைக்குக் கூப்பிட்டார். பேக்கேஜ் விற்றிருந்தால் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது என்றார். ஒருவருடைய பேக்கேஜில் ஊருக்கெல்லாம் வாங்கிக் கொடுக்க முடியாது, சூதாட்டத்துக்கும் அது செல்லாது என்றேன். "அப்படியானால் அங்கே என்னதான் நடந்தது?" என்று கேட்டார். பேச்சில் மாட்டிக்கொண்டேன் என்று தெரிந்ததும் வாயை மூடிக்கொண்டேன். அன்றோடு குழுப் பயணங்கள் என் மேசைக்கு வருவது நின்றது. கல்யாணக் கூட்டம், கோயில் கூட்டம், சர்ச் கூட்டம் என்று நான் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்த குழுக்கள் எல்லாம் பக்கத்து மேசைக்குப் போயின. தியாகு சாயங்காலம் ஃபோனில் வந்து, நான் போய் உங்க மேனேஜர்கிட்ட உண்மையைச் சொல்லிடுறேன் என்றார். "கல்யாணத்தை நடத்துற வேலையைப் பாருங்க" என்று வைத்துவிட்டேன்.

கல்யாணம் நன்றாக நடந்தது. எனக்கு அழைப்பு வரவில்லை. சித்தப்பா இருக்கும் இடத்தில் என்னை எப்படிக் கூப்பிடுவார்கள்? தியாகுவும் லலிதாவும் பிறகு லட்டு டப்பாவோடு வந்து, தலையைக் குனிந்துகொண்டு நின்றார்கள். நான் சிரித்துப் பேசி அனுப்பினேன். ஆனால் வலித்தது. அந்தக் கல்யாணத்தை ஒரு ஓரத்தில் நின்றாவது பார்க்க ஆசையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். வலித்தது என்பதற்காகச் செய்தது தப்பு என்று ஆகிவிடாது.

நீங்கள் இதிலிருந்து என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டால், இதைத்தான் சொல்வேன். பயணியிடம் விலையைச் சொல்லுங்கள், மறைந்திருக்கும் செலவைச் சொல்லுங்கள், சொல்லியும் அவர் கேட்காமல் போனால் "நான் அப்பவே சொன்னேன்" என்று பேசாதீர்கள். மாட்டிக்கொண்ட மனிதரிடம் அந்த வாக்கியம் எதற்கும் உதவாது. ஃபோனை எடுங்கள், எப்படி வெளியே கொண்டுவருவது என்று பாருங்கள். அதற்காக உங்கள் பெயர் கெட்டால் கெடட்டும். நல்ல பெயர் என்பது வங்கியில் போட்டு வட்டி வாங்குவதற்கல்ல, இப்படிப்பட்ட நாளில் எடுத்துச் செலவு செய்வதற்குத்தான் என்பது என் கட்சி. பயிற்சித் தம்பிக்கு இது பிடிக்காது.

அடுத்த வருஷம் ஒரு நாள் காலை, கடை திறந்த கையோடு சரோஜாம்மா தனியாக வந்து என் முன்னால் நின்றார். மகனையும் மருமகளையும் பார்க்கச் சிங்கப்பூரிலிருந்து வந்திருந்தார், பிள்ளைகள் இங்கேயே குடியேறிவிட்டார்கள். ஒரு கப்பல் பயணம் போட வேண்டும் என்றார். எத்தனை பேர் என்று கேட்டேன். இரண்டு குடும்பமும் சேர்ந்து என்றார்.

"குரூப் புக்கிங் எல்லாம் அந்த மேசைலமா. எனக்கு இப்ப குடுக்குறது இல்ல."

"ஏன் குடுக்குறது இல்லன்னு எனக்குத் தெரியும்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "உங்க மேனேஜரைக் கூப்பிடுங்க, நானே பேசுறேன். நான் இங்கதான் உக்காருவேன்."

எழுந்திருக்கப் போன என்னைக் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"அன்னைக்கு தியாகு வாயைத் திறந்தாரு, நீங்க ஒரே அதட்டுல அடக்கினீங்க. அப்பவே எனக்குப் புரிஞ்சிருச்சு. எங்க வீட்டுக்காரர் போனதுல இருந்து, போற இடமெல்லாம் என் கொழுந்தனாரு இப்படித்தான். எங்களால ஒரு வார்த்தை சொல்ல முடியாது." பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். "அந்தக் கார்டு மூடினதுக்கப்புறம் நிவேதா என்னை விட்டு நகரவே இல்ல. நான் தமிழ்ல கேப்பேன், அவ இங்கிலீஷ்ல சொல்லுவா. தினமும் ரெண்டு பேரும் மேல் தளத்துல உக்காந்து கடலைப் பார்த்துக்கிட்டே காபி குடிச்சோம். அவங்க அப்பா பொண்ணை எனக்குக் கல்யாணத்தன்னைக்குக் குடுக்கல. அந்தக் கப்பல்லயே குடுத்துட்டாரு."

என் கண்ணில் நீர் வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொன்னார். கடைசியில் சித்தப்பாவின் பெயரையும் சொன்னார்.

"விட்டுட்டுப் போக முடியாது, வீட்டுப் பெரியவரு. செலவு இந்தத் தடவை எங்களுது. எல்லாக் கேபினுக்கும் என் கார்டுதான்."

"வேணாம்மா," என்று ஆரம்பித்தேன்.

அவர் கையைக் காட்டி என்னை நிறுத்தினார். பிறகு மேசைமேல் சாய்ந்து, பக்கத்து மேசைக்குக் கேட்காத குரலில் சொன்னார்:

"போன தடவை உங்ககிட்ட ஒரு தப்பு நடந்துச்சே, அதே தப்பு இந்தத் தடவையும் நடக்கணும். சுவா வரைக்கும் போக வேணாம். மொத நாளே நடக்கட்டும்."